பதினால்வர் போட்ட கையெழுத்து



அமெரிக்க செனட்டில் 2005 மே 23 அன்று மாலை எட்டப்பட்ட ஓர் உடன்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குடியரசுக் கட்சியினர் ஏழு பேர், ஜனநாயகக் கட்சியினர் ஏழு பேர், ஆகப் பதினான்கு உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள். இரு கட்சிகளின் தலைமையும் அந்த அறையில் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பதினால்வர் தத்தம் முகாம்களிலிருந்தே வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது, எந்த அளவுக்கு நியாயமானது, பின்னால் என்ன விலை கேட்டது என்பதுதான் இன்றைய என் பேச்சு.

சண்டை எதற்காக என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நீதிபதிகளைக் கொலீஜியம் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவில் அதிபர் ஒரு பெயரை அனுப்புவார், செனட் ஒப்புதல் தரவேண்டும். அங்கே கூட்டாட்சி நீதிபதிக்கு ஓய்வு வயது கிடையாது. நாற்பத்தைந்து வயதில் ஒருவர் அமர்ந்தால், அவரை நியமித்த அதிபர் காலமான பிறகும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கலாம். கருக்கலைப்பு, தொழிலாளர் உரிமை, வாக்குரிமை, சுற்றுச்சூழல் எல்லாம் கடைசியில் போய் நிற்பது அந்த நாற்காலிகளின் முன்னால்தான். ஆகவே ஒரு நியமனத்துக்காக இரு கட்சிகளும் மல்லுக்கட்டுவதை வெறும் பதவிச் சண்டை என்று தள்ளிவிட முடியாது.

செனட்டில் நூறு உறுப்பினர்கள். ஒப்புதலுக்கு எளிய பெரும்பான்மை போதும். ஆனால் வாக்கெடுப்புக்கு வருவதற்கு முன் விவாதத்தை முடித்தாக வேண்டும். அந்த முடிப்புத் தீர்மானத்துக்கு அன்று அறுபது வாக்கு வேண்டியிருந்தது. நாற்பத்தொரு பேர் முடிக்க மறுத்தால் நியமனம் அப்படியே தொங்கியது. இதைத்தான் ஃபிலிபஸ்டர் என்கிறார்கள்.

அந்த ஆயுதத்தைப் புனிதமான ஒன்றாகக் கருத எனக்கு மனம் வரவில்லை. 1964இல் கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமைச் சட்டத்தைத் தடுக்க அதே ஆயுதத்தைத்தான் எடுத்தார்கள். மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பைர்ட் பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் நின்று பேசினார். பதினால்வரில் மூத்தவர் அதே பைர்ட்தான். 2005இல் அவருக்கு வயது 87. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் ஒரு கோபத்தைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

2005க்குள் இரு தரப்பிடமும் நீண்ட மனத்தாங்கல் கணக்கு சேர்ந்திருந்தது. 1992இல் மூத்த புஷ், ஜான் ராபர்ட்ஸ் என்ற இளம் வழக்கறிஞரை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த செனட் அவரை வாக்கெடுப்புக்கே கொண்டுவரவில்லை. 1999இல் கிளின்டன் அதே நீதிமன்றத்துக்கு எலேனா கேகனை முன்மொழிந்தார். குடியரசுக் கட்சியின் கையிலிருந்த செனட் அவருக்கு விசாரணை அமர்வுகூட நடத்தவில்லை. அன்று நிராகரிக்கப்பட்ட அந்த இருவரும் பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றாக அமர்ந்தார்கள், ஒருவர் தலைமை நீதிபதியாகவே. யார் தொடங்கியது என்று கேட்டால் இரு கட்சியும் ஆளுக்கொரு ஆண்டைச் சொல்லும். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

பிறகு இளைய புஷ் வந்தார். அவருடைய முதல் ஆட்சிக்காலத்தில் நீதிபதிகள் இருநூறு பேருக்கு மேல் ஒப்புதல் பெற்றார்கள். ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கான பத்துப் பேரை ஜனநாயகக் கட்சியினர் ஃபிலிபஸ்டர் செய்து நிறுத்தினார்கள். மிகேல் எஸ்ட்ராடா பலமுறை அறுபதைத் தொட முடியாமல் 2003இல் தாமே விலகிக்கொண்டார். டெக்சஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி பிரிசில்லா ஓவன் 2001 மே மாதம் முன்மொழியப்பட்டு, 2005 மே மாதத்திலும் காத்துக்கொண்டிருந்தார். குடியரசுக் கட்சியினர் இருநூறைப் பேசவில்லை, ஜனநாயகக் கட்சியினர் நான்கு ஆண்டுக் காத்திருப்பைப் பேசவில்லை.

2005 வசந்தத்தில் குடியரசுக் கட்சிக்கு 55 இடங்கள். அதன் செனட் தலைவர் பில் ஃபிரிஸ்ட் ஒரு வழியைக் கையில் எடுத்தார். விதியை முறைப்படி மாற்ற மூன்றில் இரு பங்கு வேண்டும். ஆனால் நீதிபதி நியமனத்தில் ஃபிலிபஸ்டர் செல்லாது என்று அவைத்தலைமை ஒரு தீர்ப்புச் சொல்லி, அதை எளிய பெரும்பான்மை ஆமோதித்துவிட்டால், அதுவே புதிய முன்னுதாரணம் ஆகிவிடும். இதற்கு அணுகுண்டு வழி என்று பெயர் வைத்தவர் அதே கட்சியின் டிரென்ட் லாட். வெடித்தால் செனட்டின் அன்றாட வேலை முழுவதையும் முடக்குவோம் என்றார்கள் ஜனநாயகக் கட்சியினர்.

வெளியே அமைப்புகள் களத்தில் இறங்கிவிட்டன. ஏப்ரல் 24 ஞாயிற்றுக்கிழமை கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் ஒரு தேவாலயத்திலிருந்து ‘நீதி ஞாயிறு’ என்ற நிகழ்ச்சியை நாடெங்கும் ஒளிபரப்பினார்கள். நம்பிக்கையுள்ள மக்களுக்கு எதிரான ஆயுதம் ஃபிலிபஸ்டர் என்று அங்கே பேசப்பட்டது. ஃபிரிஸ்ட் காணொளியில் தோன்றினார். எதிர்த்தரப்பிலும் பேரணி, விளம்பரம், நிதி திரட்டல். குடியரசே கவிழப்போகிறது என்று அவர்கள் சொன்னார்கள். மே 24 அன்று ஓவன் நியமனத்தில் பலப்பரீட்சை என்று நாள் குறித்தாயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் எண் கணக்குப் பார்க்கலாம். ஃபிரிஸ்டுக்கு ஐம்பது வாக்கு கிடைத்தால் போதும், துணை அதிபர் டிக் செனி தம் வாக்கைப் போட்டு முடித்துவிடுவார். 55இல் ஆறு பேர் விலகினால் 49. அதோடு அணுகுண்டு செயலிழக்கும். மறுபக்கம் ஜனநாயகக் கட்சியில் ஐந்து பேர் விலகினாலே 55 அறுபதாகிவிடும், ஃபிலிபஸ்டர் செயலிழக்கும். பக்கத்துக்கு ஏழு பேர் சேர்ந்ததால் இரண்டு ஆயுதத்தின் சாவியும் பதினான்கு பேரின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. எனக்குத் தெரிந்து நாடாளுமன்ற வரலாற்றில் இவ்வளவு சிறிய கூட்டம் இவ்வளவு துல்லியமாக நடுவில் நின்ற சந்தர்ப்பம் அதிகம் இல்லை.

யார் அவர்கள்? குடியரசுக் கட்சியில் ஜான் மெக்கெய்ன், ஜான் வார்னர், லிண்ட்சி கிரகாம், ஒலிம்பியா ஸ்னோ, சூசன் காலின்ஸ், மைக் டிவைன், லிங்கன் சேஃபி. ஜனநாயகக் கட்சியில் பைர்ட், டேனியல் இனோயே, ஜோ லீபர்மேன், பென் நெல்சன், மேரி லாண்ட்ரூ, மார்க் பிரையர், கென் சலசார். வியட்நாம் சிறையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவர் மெக்கெய்ன். இரண்டாம் உலகப்போரில் வலது கையை இழந்தவர் இனோயே. கட்சி மாநாட்டுக் கைதட்டலைத் தாண்டி யோசிக்கக்கூடிய மனிதர்கள் சிலராவது அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

தாளில் இருந்தது மிகச் சுருக்கம். மாணவர்கள் தேடி எடுத்துப் படிக்கவேண்டும், சில நிமிட வேலைதான். முதல் பகுதி நிலுவையில் இருந்த பெயர்களைப் பற்றியது. ஓவன், ஜேனிஸ் ரோஜர்ஸ் பிரவுன், வில்லியம் பிரையர் மூவருக்கும் விவாதத்தை முடிக்கக் கையெழுத்திட்டவர்கள் வாக்களிப்பார்கள். வில்லியம் மையர்ஸ், ஹென்றி சாத் இருவருக்கும் எந்த உறுதியும் இல்லை. இரண்டாம் பகுதி வருங்காலத்துக்கு. அசாதாரணமான சூழ்நிலையில் மட்டுமே ஃபிலிபஸ்டர். சூழ்நிலை அசாதாரணமானதா என்பதை அவரவர் மனசாட்சியே தீர்மானிக்கும். பதிலுக்கு, காங்கிரஸின் அந்தப் பதவிக்காலம் முடியும்வரை விதியை மாற்றும் முயற்சியைக் கையெழுத்திட்டவர்கள் எதிர்ப்பார்கள். பெயரை அனுப்பும் முன் இரு கட்சியினரிடமும் கலந்துபேசுங்கள் என்று அதிபருக்கும் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்.

அந்தத் தாள் யாரையும் நீதிபதி ஆக்கவில்லை, வாக்கெடுப்புக்கு வழிவிட்டது, அவ்வளவே. அடுத்த நாள் ஓவனுக்கான முடிப்புத் தீர்மானம் 81–18 என்று நிறைவேறியது. மே 25 அன்று 55–43 என்று அவர் ஒப்புதல் பெற்றார். கையெழுத்துப் போட்ட சேஃபி, குடியரசுக் கட்சிக்காரராக இருந்தும், அந்த வாக்கெடுப்பில் ஓவனுக்கு எதிராக வாக்களித்தார். பைர்டும் லாண்ட்ரூவும், ஜனநாயகக் கட்சிக்காரர்களாக இருந்தும், ஆதரவாக வாக்களித்தார்கள். ஜூன் 8 அன்று பிரவுன், 56–43. ஜூன் 9 அன்று வில்லியம் பிரையர், 53–45. அப்போது சேஃபி, ஸ்னோ, காலின்ஸ் மூவரும் எதிர்த்தார்கள். தடுக்காமல் இருப்பது வேறு, ஆதரிப்பது வேறு என்ற வேறுபாட்டை அந்த மூன்று வாக்கெடுப்புகளும் பச்சையாகக் காட்டின. இரு முகாமின் கோபக்காரர்களும் காணத் தவறியது இதைத்தான்.

கோபத்துக்கு வருகிறேன்.

வலதுசாரி கிறிஸ்தவ அமைப்புகளின் பெருந்தலைவரான ஜேம்ஸ் டாப்சன் அன்றிரவே இதைத் துரோகம் என்று அறிவித்தார். அவருடைய தரப்பு அதிபர் பதவியையும் வென்றிருந்தது, இரு அவைகளையும் வென்றிருந்தது. நீதிமன்றம் ஒன்றுதான் பாக்கி. உழைத்து, வாக்களித்து, பெரும்பான்மை கொடுத்த பிறகு ஏழு பேர் அதைப் பாதி விலைக்கு விற்றுவிட்டார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். இந்த உடன்பாட்டில் தாம் ஒரு தரப்பு இல்லை, எல்லா நியமனத்துக்கும் வாக்கெடுப்பு என்ற கொள்கைக்கு இது குறைவானது என்றார் ஃபிரிஸ்ட். ஊரில் தம் மீது கொஞ்ச காலம் கடுங்கோபம் இருக்கும் என்று கிரகாம் வெளிப்படையாகவே சொன்னார். டிவைனின் மகன் ஓஹையோவில் ஓர் இடைத்தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் போட்டியில் நின்றார். ஜூன் மாதம் நடந்த அந்தப் போட்டியில் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அப்பா போட்ட கையெழுத்தும் அதில் ஒன்று என்று பலர் அப்போதே எழுதினார்கள்.

இடதுபுறம் நிலைமை இப்படி ஒரே முகமாக இல்லை. ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் வரவேற்றார். அணுகுண்டு வழி ஒழிந்தது என்று அவருக்கு நிம்மதி. அதே கட்சியின் ரஸ் ஃபைன்கோல்ட் இது நல்ல பேரமே இல்லை என்றார். மிகக் கசந்துபோனவர்கள் காங்கிரஸின் கறுப்பின உறுப்பினர் குழுவினர். அவர்கள் எதிர்ப்பை மட்டும் நான் வெறும் கட்சி வெறி என்று சொல்லமாட்டேன். பிரவுன் அலபாமாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண். ஆனால் ரூஸ்வெல்ட் காலத்து நலத்திட்டங்களைச் சோஷலிசப் புரட்சியாக வர்ணித்துப் பேசியவர். தம் மக்களின் வாழ்வைத் தாங்கிப்பிடித்த சட்டங்களைப் பற்றி அப்படி நினைக்கும் ஒருவருக்கு ஆயுள் பதவி தர, தங்கள் கட்சிக்காரர்களே கதவைத் திறந்துவிட்டார்களே என்று அவர்கள் குமுறினார்கள். ஒரு காலத்தில் அவர்களுடைய உரிமைக்கு எதிராக ஃபிலிபஸ்டர் செய்த பைர்ட், இப்போது அதே ஃபிலிபஸ்டரைக் காப்பாற்ற அவர்களுடைய எதிர்ப்பை விட்டுக்கொடுத்தார் என்றால், அந்தக் குமுறலை யார் குறை சொல்ல முடியும்? இந்தச் சமரசத்தின் விலையை எல்லோரும் சமமாகக் கொடுக்கவில்லை. அதை ஆதரிக்கும் நான் இதை ஒளிக்கக்கூடாது.

ஆனாலும் ஆதரிக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

ஆறு வாரத்துக்குள், ஜூலை 1 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் ஓய்வை அறிவித்தார். செப்டம்பர் 3 அன்று தலைமை நீதிபதி ரென்குயிஸ்ட் காலமானார். முந்திய மே மாதத்திலேயே செனட் உடைந்து கிடந்திருந்தால் அந்த இரண்டு நாற்காலிகளும் எப்படி நிரம்பியிருக்கும்? ராபர்ட்ஸ் 78–22 என்ற வாக்கில் தலைமை நீதிபதி ஆனார். ஜனநாயகக் கட்சியில் சரிபாதிப் பேர் அவருக்கு வாக்களித்தார்கள். சாமுவேல் அலிட்டோவுக்கு எதிராக 2006 ஜனவரியில் ஜான் கெரி ஃபிலிபஸ்டர் முயற்சி எடுத்தபோது, பதினால்வரும் விவாதத்தை முடிக்கவே வாக்களித்தார்கள். தீர்மானம் 72–25. மறுநாள் ஒப்புதல் வாக்கெடுப்பு 58–42, சேஃபி எதிர்த்தார். மறுபக்கத்தில் மையர்ஸும் சாதும் கடைசிவரை கூட்டாட்சி நீதிபதி ஆகவில்லை. டாப்சன் தரப்பு தோல்வி என்று அழுத ஓராண்டுக்குள் அவர்கள் கேட்ட இரண்டு உச்ச நீதிமன்ற நியமனமும் கைக்கு வந்தது. ஜனநாயகக் கட்சியினர் காப்பாற்ற நினைத்த விதியும் உயிரோடு இருந்தது. துரோகம் என்ற கூச்சலைப் போட்டவர்கள் யாரும் பிறகு திரும்பி வந்து கணக்கைத் திருத்தியதாக நான் படிக்கவில்லை.

தாளின் பலவீனத்தையும் சொல்லவேண்டும். அசாதாரணமான சூழ்நிலை எது என்று அவர்கள் வரையறுக்கவில்லை. கையெழுத்திட்டவர்கள் ஒருவரையொருவர் நம்பியவரை அது ஓடியது. 2011இல் ஒபாமா முன்மொழிந்த குட்வின் லியூ என்ற சட்டப் பேராசிரியருக்கு 52–43 என்று அறுபது கிடைக்காமல் போனது. அலிட்டோவின் நியமனத்தின்போது அவரை லியூ கடுமையாகத் தாக்கிச் சாட்சியம் சொல்லியிருந்தார். மெக்கெய்ன், கிரகாம், ஸ்னோ, காலின்ஸ் நால்வருமே அன்று தடுப்பவர்களோடு நின்றார்கள். அதற்குள் அரசியல் மாறியிருந்தது. முந்திய ஆண்டில் மெக்கெய்ன் தம் சொந்தக் கட்சிக்குள்ளேயே வலப்புறத்திலிருந்து வந்த சவாலைச் சந்தித்து மீண்டிருந்தார். சமரசம் செய்தவர் என்ற பெயர் அப்போது அவர் கட்சியில் ஒரு வசை.

2013 மே 23 அன்று, அந்தக் கையெழுத்துக்குச் சரியாக எட்டு ஆண்டு கழித்து, வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஸ்ரீ சீனிவாசன் 97–0 என்று ஒப்புதல் பெற்றார். அவருடைய தந்தை திருநெல்வேலிப் பக்கம் மேலத்திருவேங்கடநாதபுரத்துக்காரர் என்பதால் நம் பத்திரிகைகளும் அன்று கொண்டாடின. அந்த நீதிமன்றத்துக்குக் கட்சிச் சண்டை இல்லாமல் ஒருவரை ஒருமனதாக அனுப்ப முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி. ஆறு மாதம் தாங்கவில்லை. அதே நீதிமன்றத்தின் மற்ற மூன்று காலியிடங்களைக் குடியரசுக் கட்சியினர் வரிசையாகத் தடுத்தார்கள். 2013 நவம்பர் 21 அன்று ஹாரி ரீட், எட்டு ஆண்டுக்கு முன் எதைப் பேரழிவு என்றாரோ அதையே செய்தார். 52–48. விதியை மாற்றினால் கசப்பு இன்னும் கூடும் என்று 2005இல் செனட்டராக எச்சரித்த ஒபாமா, இப்போது அதிபராக ஆதரித்தார். 2005இல் அணுகுண்டு வழியை ஆதரித்த குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானல், இப்போது வருந்துவீர்கள் என்று எச்சரித்தார். ரீடை எதிர்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சியினர் மூவர். அந்த மூவரில் ஒருவர், எட்டு ஆண்டுக்கு முன் கையெழுத்திட்ட மார்க் பிரையர்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 2016இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா மறைந்தபோது ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு விசாரணை அமர்வே தரப்படவில்லை. எல்லா நியமனத்துக்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று 2005இல் முழங்கிய கட்சி அது. 2017 ஏப்ரல் 6 அன்று மெக்கானல் உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் அறுபதை ஒழித்தார். அதுவும் 52–48. பதினால்வரில் அப்போது செனட்டில் மிஞ்சியிருந்த மெக்கெய்ன், கிரகாம், காலின்ஸ் மூவரும் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள். மெக்கெய்ன் அதை மனமார வெறுத்தார், வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார், ஆனாலும் வாக்களித்தார். 2005இல் அவர் அறையில் ஏழு எதிர்க்கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2017இல் உட்கார யாரும் வரவில்லை. அதன் பின் கவனா 50–48, பாரெட் 52–48, ஜாக்சன் 53–47 என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மயிரிழையில் உள்ளே வந்தார்கள். ராபர்ட்ஸுக்குக் கிடைத்த 78ஐ இவர்களில் யாரும் நெருங்கவில்லை.

அந்தத் தாளைக் கொன்றது எது? தெளிவில்லாத சொற்கள் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம், கையெழுத்திட்டவர்களுக்கு ஊரில் நடந்த மரியாதை என்பது என் முடிவு. டிவைனும் சேஃபியும் 2006இல் எதிர்க்கட்சியிடம் தோற்றார்கள். லீபர்மேன் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்று, சுயேச்சையாக நின்று வென்றார். ஈராக் போர் அந்தத் தேர்தல்களில் பெரும் பங்கு வகித்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்து வந்த இளம் உறுப்பினர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே: எதிர்க்கட்சிக்காரன் உன்னைத் தோற்கடிக்க ஆறு ஆண்டு காத்திருக்கவேண்டும், சொந்தக் கட்சிக்காரன் நாளைக் காலையே தொடங்கிவிடுவான். 2013இலும் 2017இலும் இரு பக்கமும் ஏழு பேர் தேறவில்லை.

சட்டம் படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளை நீங்கள் ஏதாவது ஒரு கட்சியில் இருப்பீர்கள், இருக்கவும் வேண்டும். உங்கள் கட்சிக்காரர் ஒருவர் எதிர்த்தரப்போடு உட்கார்ந்து ஒரு தாளில் கையெழுத்திட்டார் என்று செய்தி வந்தால், தலைவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்ப்பதற்கு முன் அந்தத் தாளை வாங்கி முழுதாகப் படியுங்கள். அதில் விட்டுக்கொடுக்கக்கூடாதது விட்டுக்கொடுக்கப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசுங்கள், அந்தக் கறுப்பின உறுப்பினர்கள் பேசியதுபோல. இல்லையென்றால் அவருக்கு நாலு வரி ஆதரவுக் கடிதம் எழுதுங்கள். அவருக்கு வரும் வசைக்கடிதங்களுக்கு நடுவே அது போய்ச் சேரட்டும்.